மீன் தின்னாதவனுக்கு மீன் விற்றவள்

இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறுகிறது. முட்டைகூட நுழையாத வீட்டில் பிறந்தவன் நான். சிதம்பரம் கீழவீதிக்குப் பக்கத்தில் வீடு. காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் எங்களுக்குக் காப்பி கிடையாது. அப்படிப்பட்டவன் கையில் ஒரு கூறு கவலை மீனைத் திணித்து, காசையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "மகராசனா இரு தம்பி" என்று வாழ்த்திவிட்டும் போனாளே ஒருத்தி, அவளைத்தான் சொல்கிறேன்.

அது யுத்த காலம். ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். எனக்குக் கடலூரில் அம்மை குத்துகிற உத்தியோகம். பெரியம்மை வருவதற்கு முன்பே கையில் கீறி மருந்து வைத்துவிட்டால் வராது. அதற்காகத் தெருத் தெருவாகப் போகவேண்டும். ஜனங்கள் எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஊசிக்காரன், அவ்வளவுதான். மஞ்சக்குப்பத்தில் ஒரு விதவை அம்மாள் வீட்டு வாசல் அறையில் குடியிருந்தேன். அந்த வாசலுக்குத்தான் தேவனாம்பட்டினத்திலிருந்து தலையில் மீன் கூடையோடு அவள் வருவாள். ஐம்பதை ஒட்டிய வயது. நெடுநெடுவென்று உயரம். அவள் வருவதற்கு அரைத்தெரு முன்னால் அவள் குரல் வந்துவிடும்.

"மீன் வாங்கு தம்பி."

"நான் சைவம்."

"சைவம்னா இன்னா?"

"உயிரைக் கொல்லக் கூடாது."

"நான்தான் கொன்னாச்சே. நீ எங்கே கொன்னே?" என்று கூடையை இறக்கி வைத்தாள். சுவரோரம் படுத்திருந்த வீட்டுக்காரம்மாளின் பூனையைக் காட்டினாள். "அத்தெப் பாரு. வயிறு ஒட்டிக் கெடக்குது. அது உசுரு இல்லியா? உசுருமேல எரக்கம்னு சொல்றே, பூனைக்கு ஒரு நாயம், மீனுக்கு ஒரு நாயமா? பெரிய டாக்டரு, அவுரும் உன்னாட்டம் சைவந்தான், அவுரு வூட்டுப் பூனைக்கே நான்தான் குடுக்கறேன். உனக்கு மட்டும் மனசு இவ்ளோ கல்லா?"

வீட்டுக்காரம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நான் சும்மா ஆள் இல்லை. சிதம்பரத்தில் காலேஜில் தர்க்கம் படித்தவன், பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவன். இரக்கத்தைக் கிளறிக் காரியம் சாதிப்பது, பெரிய மனுஷன் பேரைச் சொல்லி வாயை அடைப்பது, பேசுகிற விஷயத்தை விட்டுவிட்டுப் பேசுகிற ஆளை அடிப்பது என்று பொய் நியாயங்களை எல்லாம் எங்கள் வாத்தியார் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவள் இரண்டு நிமிஷத்தில் மூன்றையும் செய்து முடித்தாள். செய்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாங்கினேன். அன்றிலிருந்து அந்தப் பூனை என் அறை வாசலை விட்டு நகரவே இல்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவள் பிழைத்ததோடு நிற்கவில்லை, ஜெயித்தாள். எங்கே போனாலும் ஜெயித்தாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பேசினால் வியாபாரம். கூடையை இறக்கி வைத்துவிட்டு, அதற்கு அடியில் தலையில் சுற்றிவைத்த சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டாள் என்றால் எதிராளி தொலைந்தான். தாலுகா கச்சேரி வாசலில் உட்காரக் கூடாது என்று விரட்ட வந்த போலீஸ்காரர் ஒருவர், கடைசியில் அவள் கூடையைத் தானே பிடித்து நிழலுக்கு நகர்த்தி வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போக ரயில் ஏறினேன். அதே பெட்டியில் அவள், கருவாட்டுக் கூடையோடு. சிதம்பரம் சந்தைக்குப் போகிறாளாம். ஆலப்பாக்கம் வருவதற்குள் பெட்டியே மூக்கைப் பிடித்துக்கொண்டது. யாரோ முறையிட்டு, டிக்கெட் பரிசோதகர் வந்து, "இறங்கும்மா, நாத்தம் தாங்கலை" என்றார். கூடை ஏற்கெனவே கீழேதான் இருந்தது. சும்மாட்டுத் துணியை உதறினாள்.

"கருவாடு நாத்தமா? இந்தப் பொட்டியில யாரு வூட்டுல கருவாடே பொரிச்சதில்லியோ, அவுங்க மட்டும் கையைத் தூக்குங்க. நான் எறங்கிடறேன்."

என்ன கேள்வி இது! ரயில் பெட்டியில் நாற்றம் அடிக்கிறதா இல்லையா என்பதுதான் பேச்சு. யார் வீட்டு அடுப்பில் என்ன பொரிகிறது என்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் தெரு ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். அவள் என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீயா! நல்லா தூக்கினே கையை. ஐயா, இந்தத் தம்பி போன வாரம் என்கிட்ட மீன் வாங்கினாரு. இந்தக் கையாலதான் வாங்கினாரு. கேளுங்க, இல்லேன்னு சொல்லச் சொல்லுங்க."

பெட்டி கொல்லென்று சிரித்தது. ஜவுளிக்கடைக்காரர், தன்னைப் பற்றியும் எதையாவது கிளப்பிவிடுவாளோ என்று மெதுவாகக் கையை இறக்கிக்கொண்டார். பரிசோதகர் போய்விட்டார். நான் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் சேதி போய்விட்டது. அம்மா வாசலிலேயே ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றாள். "தலையோட குளிச்சிட்டு உள்ளே வா" என்றாள். பூனைக்கு வாங்கினேன் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது. இரண்டு நாள் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதெல்லாம் சிரிக்கிற சமாச்சாரம். இதற்குமேல் சொல்லப்போவது அப்படி இல்லை.

மாசி மாதம். தெற்கே கடலோரம் இரண்டு குப்பங்களில் பெரியம்மை கண்டிருக்கிறது என்று சேதி வந்தது. அவள் ஊரான தேவனாம்பட்டினத்தை ஒரு வாரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று ஹெல்த் ஆபீசர் உத்தரவு போட்டார். அங்கே ஒருவர் கையிலும் அம்மை குத்தின தழும்பு கிடையாது. அம்மை உள்ளே நுழைந்தால் வைக்கோற்போரில் நெருப்பு வைத்த கதைதான். நான் ஒரு ராத்திரி பூராவும் உட்கார்ந்து பேச்சு தயார் பண்ணினேன். மருந்துக் குழல்களை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

கட்டுமரங்களுக்குப் பக்கத்தில் மணலில் ஊரே கூடியது. நன்றாகத்தான் பேசினேன். பேசி முடித்ததும் ஒரு வாலிபன் முன்னால் வந்து கையை நீட்டினான். இருபத்திரண்டு வயது இருக்கும். துடுப்புப் போட்டுப் போட்டு உருண்ட தோள்.

"எனக்குக் குத்துங்க சார். வலிக்குமா?"

அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒரு கை வந்து அவனை இழுத்தது. அவன் அந்த மீன்காரியின் மகன், ஒரே மகன். அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

"மீன் தின்னாதவன் நீ. எங்க ஒடம்பைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

கூட்டம் சிரித்தது. உடம்பு எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன்.

"போன வருசம் திருப்பாப்புலியூருல குத்தினீங்க. அடுத்த மாசமே புயலடிச்சுது. இல்லேன்னு சொல்லு பாப்போம்."

"புயலுக்கும் ஊசிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். படிச்சவன் நீ. நீதான் சொல்லணும்."

எப்படி இருக்கிறது பாருங்கள்! அவள் சொன்னதற்கு நான் ஆதாரம் காட்ட வேண்டுமாம். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வந்ததால் அதனால்தான் இது என்று ஆகாது என்று விளக்கினேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் அடுத்ததற்குத் தாவிவிட்டாள்.

"யுத்தத்துக்கு ஆள் போதலியாம். இன்னிக்குக் கையில அடையாளம் வைப்பான். நாளைக்கு அடையாளம் இருக்கிறவனெல்லாம் லாரியில ஏறும்பான். நாளன்னிக்கு பர்மாவுல பொணமாக் கெடப்பான். என் புருசனை ஆஸ்பத்திரியில ஊசி போட்டுத்தான் அனுப்பினாங்க. நான் பட்டது போதாதா?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் புருஷன் கடலில் மூழ்கிப் போனவன், ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவன் என்று பிற்பாடு எனக்குத் தெரிந்தது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது அன்றைக்கே தெரியும். தெரிந்தும் பெண்கள் கூடச் சேர்ந்து அழுதார்கள்!

கடைசியில் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "ஆத்தா பெருசா, ஊசி பெருசா? ஊசிதான் பெருசுன்னு நெனைக்கிறவங்க அந்தப் பக்கம் போங்க."

யார் போவார்கள்? ஆத்தாவும் இருக்கட்டும், ஊசியும் இருக்கட்டும் என்று மூன்றாவது பக்கம் ஒன்று இருக்கிறது என்று கத்தினேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். அவள் சொன்ன ஒவ்வொன்றையும் உடைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றுவிடாமல் உடைத்தேன். காலேஜ் மேடையாக இருந்தால் கோப்பை எனக்குத்தான். மணலில் ஒருத்தரும் கையை நீட்டவில்லை. அவள் மகன் மட்டும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். வெயிலில் மருந்து பாழாகிவிட்டது. மூட நம்பிக்கையால் மறுத்துவிட்டார்கள் என்று ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது கோபத்தில் நிப்பு உடைந்தது.

பங்குனியில் அம்மை வந்தது.

கணக்கெடுக்கப் போனேன். வாசலுக்கு வாசல் வேப்பிலை. நாலு குழந்தைகள் போய்விட்டன. அவள் மகன் வாழையிலையில் கிடந்தான். முகத்தில் ஊசிமுனை வைக்க இடமில்லை. கண்ணுக்குள்ளும் போட்டிருந்தது. கணக்கை எழுதிக்கொண்டு திரும்பிவிட்டேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றின பிறகு மறுபடி போனேன். பையன் பிழைத்துவிட்டான். இரண்டு கண்ணும் போய்விட்டன.

எதற்காகப் போனேன் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆறுதல் சொல்லப் போகவில்லை. "பார்த்தாயா?" என்று கேட்கப் போனேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

அவள் குடிசை வாசலில் குந்தியிருந்தாள். கூடை கவிழ்ந்து கிடந்தது.

"ஆத்தா காப்பாத்துவான்னு நெஜமாவே நம்பினியாம்மா? இல்லை, என்னை ஜெயிக்கணும்னு பேசினியா?"

"ஆத்தாவை நம்பறேன். இப்பவும்தான் நம்பறேன்" என்றாள். அந்தக் குரல் இவளுடையதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது, அவ்வளவு சின்னதாக இருந்தது. "அவளுக்கும் உன் ஊசிக்கும் சண்டை இல்லேன்னு எனக்குத் தெரியாதா தம்பி?"

"பின்னே?"

"ஊசி குத்தினா கை வீங்கும். காய்ச்ச வரும். பத்து நாளைக்குத் துடுப்பைத் தொட முடியாது. கட்டுமரத்துக்கு ரெண்டு கையும் வேணும். உப்புத்தண்ணி பட்டா புண்ணும் ஆறாது. நீ மாசியில வந்தே. கடலு அடங்கி, மீனு கரைக்கு வர்ற மாசம் அதான். ஊரு பூராவும் பத்து நாளு கரையில குந்தினா ஒலையில இன்னாத்தைப் போடறது?"

புயல், பட்டாளம், புருஷன், ஆத்தா என்று அன்றைக்கு அத்தனை சொன்னாளே, அதில் இது இல்லையே. சொன்ன காரணம் எல்லாம் பொய். சொல்லாத ஒன்றுதான் நிஜம். நான் முட்டி மோதி உடைத்ததெல்லாம் வெற்றுப் பானைகள்.

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே! வேற மாசம் வந்திருப்பேனே! பாதிப் பேருக்கு இப்ப, பாதிப் பேருக்கு அப்புறம்னு செஞ்சிருப்பேனே!"

"எப்படிச் சொல்றது? ஊரு முன்னாடி, வெள்ளைச் சொக்கா போட்டுக்கினு வந்து நிக்கிற உன்கிட்ட, பத்து நாளு அடுப்பெரிய வக்கில்லேன்னு சொல்லணுமா? சாமி பேரைச் சொன்னா மானம் நிக்கும். சோத்துப் பேரைச் சொன்னா நிக்குமா?" என் பக்கம் திரும்பினாள். "நீயும்தான் ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலியே. நான் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு சொன்னே. ஜெயிக்கத்தானே வந்தே? நானும் ஜெயிச்சேன்."

அப்போதும் என் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கக்கூடாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். "சரி, ஆம்பிளைங்களுக்குத் துடுப்பு. அந்த நாலு குழந்தைங்களுக்கு? அதுங்க கையில எந்தத் துடுப்பு இருந்துது?"

அவள் வாயைத் திறந்தாள். பழக்கதோஷத்தில் கை தோள்மேலிருந்த துணிக்குப் போனது. பிறகு கீழே வந்துவிட்டது.

"அதுக்கு என்கிட்ட பதில் இல்லே தம்பி."

அவள் தோற்றுவிட்டாள். மீன் வாங்கின நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது அதுதான். எனக்கு அழுகை வந்தது. அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. நாலடி நடந்ததும் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"ஐப்பசியில வா. அடைமழையில கடலு எங்களை உள்ளே வுடாது. கை சும்மாத்தான் கெடக்கும்."

ஆபீசர் சிரித்தார். "மழையில போய் யாருக்கய்யா குத்துவே?" என்றார். அவரிடம் மாதத்துக்கு ஒருதரம் கேட்டு, கெஞ்சி, கடைசியில் சண்டை போட்டு, ஐப்பசியில் மருந்து வாங்கிக்கொண்டு போனேன். பேச்சு ஒன்றும் தயார் பண்ணவில்லை.

வலை வைக்கிற கொட்டகையில் ஊர் கூடியிருந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் விளக்கை ஏற்றி அதன் சுடரில் ஊசியைக் காட்டி எடுத்தேன். ஒருவரும் அசையவில்லை. பயம் போகவில்லை, அம்மை வந்து போன பிறகு பயம் இன்னும் ஜாஸ்தியாகத்தான் ஆகியிருந்தது. குழந்தைகளைப் பெண்கள் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்கள்.

அப்போது அவள் மகனைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். முக்காலியில் உட்கார வைத்தாள். நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன். "இவனுக்கு வேண்டாம்மா. ஒருதரம் வந்தவனுக்கு மறுபடி வராது. மருந்துதான் வீண்."

"தெரியும்" என்றாள், அதைவிட மெதுவாக. "மருந்து வைக்காதே. சும்மா கீறு. சனம் பாக்கட்டும்."

பிறகு நிமிர்ந்தாள். அந்தப் பழைய குரல் கொட்டகை முழுக்க எழுந்தது. "எல்லாரும் இவன் மூஞ்சியைப் பாருங்க! திரும்பிக்காதீங்க, பாருங்க! அன்னிக்கு இவன் கையை நீட்டினான், நான் இழுத்தேன். இன்னிக்கு அவனே நீட்டறான். இன்னும் இன்னாடி வேணும் உங்களுக்கு?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மை வந்து போனவன் கையில், மருந்தே இல்லாத ஊசியால் கீறினால் எது நிரூபணம் ஆகும்? ஒன்றும் ஆகாது. பச்சைப் பொய். பெற்ற பிள்ளையின் போன கண்ணைத் தூக்கி ஊர் நடுவில் வைத்து இரக்கத்தைக் கறக்கிறாள். அதற்கு என்னையும் கூட்டு சேர்க்கிறாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

"கீறுங்க சார்" என்றான் பையன். "நான்தான் வரேன்னு சொன்னேன்."

அவனாகச் சொன்னானா, அவள் சொல்லிக்கொடுத்துச் சொன்னானா, எனக்குத் தெரியாது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஊசியை வெறுமே வைத்துக் கீறினேன். ரத்தம் துளிர்த்தது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. துணியால் ஒற்றி, "ஆச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி நானும் சொன்னேன்.

அவன் எழுந்த இடத்தில், இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். குழந்தையின் கையை எடுத்து என்னிடம் நீட்டினாள். அந்தக் கையில் மருந்து வைத்தேன்.